மன்னார்க் கரையின் ஊர்வன: ஒரு வரலாறு



மன்னார் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன பல. பாலாவிக் கரையிலே விளங்கும் திருக்கேதீச்சரம், நானிலத்து மக்களும் நாடிச் செல்லும் மடுமாதா ஆலயம், போர்த்துக்கேயர் 1560 ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டை, பள்ளிமுனையில் யானைபோற் பருத்து நிற்கும் பெருக்கமரம், முத்துக்குளிப்பு, தலைமன்னார் இறங்குதுறை ஆகிய இவற்றைப் பற்றி அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். அவற்றை மீண்டும் உரைப்பது என் நோக்கமன்று. அதே மண்ணில், அக்கோட்டைக்கும் முன்னரே குடியிருந்து, இன்றும் நம் வளவுகளிலும் பற்றைகளிலும் கடலிலும் வாழ்ந்துவரும் பாம்பு, பல்லி, ஓணான் முதலிய ஊர்வனவற்றை மனிதர் தேடிக் கண்ட வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நான் விலங்கியல் கற்றவன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, வரலாறு கற்பித்து, பின்னர் அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருப்பவன். இத்துறையில் என் கண்ணைத் திறந்துவிட்டவர் ஒரு பேராசிரியருமல்லர். எங்கள் பாடசாலைக்கு அயலில் வாழ்ந்த சீவல் தொழிலாளி ஒருவர். ஒருநாட் காலை, பாடசாலை முற்றத்து மணலில் விசித்திரமான கோடுகள் சில கிடந்தன. ஒவ்வொன்றும் சாய்வாக, நுனியில் சற்றே வளைந்து, மற்றொன்றைத் தொடாமல் தனித்தனியே கிடந்தது. பிள்ளைகள் யாரோ தடியால் கீறியவை என்று எண்ணி நான் அப்பாற் செல்ல, அவர் என்னை மறித்தார்.

"ஐயா, இது சுருட்டை போன தடம். மற்றப் பாம்பெல்லாம் அறாமல் கோடு கீறும். இது உடம்பைத் தூக்கித் தூக்கிப் பக்கவாட்டில் வைக்கும். அதனால்தான் கோடு அறுந்தறுந்து கிடக்கிறது" என்றார்.

தடம் சென்ற வழியே நடந்து, வேலியோரம் கிடந்த பழைய பனங்குற்றியை நீண்ட தடியொன்றால் மெல்லப் புரட்டினார். அதன் அடியிலே ஒரு முழமும் இல்லாத சிறு பாம்பொன்று சுருண்டு கிடந்தது. எங்களைக் கண்டதும் தன் உடலை மடிப்பு மடிப்பாக வளைத்து, செதிலோடு செதிலை உரசிற்று. சூடேறிய சட்டியில் நீர்த்துளி விழுந்தாற் போன்றதோர் ஓசை எழுந்தது. அவர் அதை அடிக்கவில்லை. தடியால் ஒரு தகர வாளிக்குள் ஒதுக்கி, ஊருக்கு அப்பாலுள்ள உடைமரப் பற்றைக்குக் கொண்டுபோய் விட்டுவந்தார். கல்வெட்டைப் படிப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் எனக்குக் கற்பித்தனர். மணலைப் படிப்பது எப்படி என்று அன்றுதான் கற்றேன்.

நேயர்களே, இச்சுருட்டை விரியனுக்கு ஏட்டில் ஏறிய வரலாறு ஒன்றுண்டு. அது தமிழ்நாட்டிலே தொடங்குகின்றது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியிற் பணிபுரிந்த மருத்துவர் பற்றிக் றசல் என்பார், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796 ஆம் ஆண்டில் படங்களோடு கூடிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கண்ணாடி விரியன் இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் நம் சுருட்டையையும் படமாக வரைவித்து, 'ஹொறட்டா பாம்' என்று உள்ளூர் மக்கள் சொல்லக் கேட்டவாறே எழுதிவைத்தார். அதன் பின்பாதி நம் 'பாம்பு' என்னும் சொல்லே என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1801 இல் செருமானிய அறிஞர் ஷ்னைடர் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். அவ்வினத்தின் மூல இடமாக இன்று நூல்களிற் குறிக்கப்படுவது ஆரணி. ஆரணி மண்ணில் அறியப்பட்ட அப்பாம்பு, கடல் கடந்து நம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வறண்ட கரையோர மணலில் வாழ்கின்றது. ஈழத்தின் ஈரமான மலைநாட்டிலே அதைக் காணமுடியாது. முற்காலத்தில் இராமேசுவரமும் மன்னாரும் ஒரே நிலமாய் இணைந்திருந்தன என்பதற்கு, இடையே கிடக்கும் மணற்றிட்டுகள் மட்டுமல்ல, இச்சிறு உயிர்களும் சான்று பகர்கின்றன.

இனி ஈழத்துக்கு வருவோம். இந்நாட்டு விலங்குகளை முறையாகத் தொகுத்தெழுதியவர்களுள் முன்னோடி, இலங்கையிற் பிறந்த மருத்துவர் எட்வேட் பிரெடெரிக் கெலார்ட். அவர் 1852 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஈழத்துப் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன ஆகியவற்றுக்கு அடித்தளமாயிற்று. அவரே பின்னர் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிகளை ஆராய வந்தார். 1860 இல் இங்கிலாந்து நோக்கிச் செல்லும் வழியில் கடலிலேயே உயிர் நீத்தார். குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1861 இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலிலும் பாம்புக்கும் பல்லிக்கும் தனி இடம் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அறிஞர்களை மன்னாருக்கு அழைத்து வந்தது பாம்பன்று, முத்து. 1902 இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்ததும், அவரோடு ஜேம்ஸ் ஹோர்ணெல் உழைத்ததும் முத்துப் படுக்கைகளின் பொருட்டே. 1903 முதல் 1907 வரை முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. 1905 இல் மாத்திரம் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அக்காலத்திலே, முசலிப் பகுதியின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் விளிம்பிலுள்ள மறிச்சுக்கட்டி என்னும் சிற்றூர், ஆண்டிற் சில வாரங்களுக்கு ஒரு நகரமாகவே மாறிவிடும். கீழக்கரையிலிருந்தும் அராபிய நாட்டிலிருந்தும் குளியாட்கள் வருவர், வணிகர் வருவர், நீதிமன்றும் மருத்துவமனையும் ஓலைக் கொட்டில்களில் எழும். சுறாக்களின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'களும் இருந்தனர். குளிப்பு முடிந்ததும் ஊர் மீண்டும் காடாகிவிடும். 1907 இன் பின் 1925 வரை அங்கே முத்துக்குளிப்பு நிகழவில்லை.

முத்து மறைந்தது. ஆனால் அவ்வூரின் பெயர் வேறொரு வழியால் உலக ஏடுகளில் நிலைத்தது. இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த பிராங் வோல் என்பார் 1921 ஆம் ஆண்டில் கொழும்பில் வெளியிட்ட இலங்கைப் பாம்பு நூல், அத்துறையில் இன்றும் எடுத்தாளப்படும் பெருநூல். அதே ஆண்டில் அவர் புதிய மண்பாம்பு இனமொன்றை உலகுக்கு அறிவித்தார். அதன் மூல இடம் மறிச்சுக்கட்டி. 1902 முதல் 1910 வரை கொழும்பு அருங்காட்சியகத்தின் நெறியாளராயிருந்த ஆதர் வில்லியின் பெயரால் ஆங்கிலேயர் அதனை வழங்குவர். பின்னர் அருங்காட்சியகங்களின் நெறியாளராய் விளங்கிய தெரணியகல அவர்கள், 1940 இல் காலற்ற அரணையினம் ஒன்றையும், 1941 இல் முதுகிற் புள்ளி கொண்ட இன்னொரு மண்பாம்பையும் அதே கரையிலிருந்து விவரித்தார். முத்தைத் தேடி வந்தோர் கூடிய ஊரே ஊர்வன அறிஞர்களின் ஏட்டிலும் இடம்பெற்றது தற்செயலன்று என்றே எனக்குத் தோன்றுகின்றது. பாதை வெட்டப்பட்ட இடத்துக்கே கல்வியும் போகும்.

இம்மண்பாம்புகளைப் பற்றிச் சில சொல்லவேண்டும். அவை பகலொளியை நாடா. கூரிய மூக்கால் மணலைத் துளைத்துச் செல்லும். வாலோ கத்தியால் வெட்டினாற் போல மொட்டையாக, கேடயம் பதித்தாற் போலத் தோன்றும். மண்புழுவே அவற்றின் உணவு. நஞ்சில்லை. முட்டையிடாமல் குட்டி ஈனும். உழும்போதும் கிணறு வெட்டும்போதும் மண்வெட்டியில் அகப்படும். வாலைத் தலையென்று மயங்கி, 'இருதலைப் பாம்பு' என்று அஞ்சி அடிப்போரே பலர். காலற்ற அரணைக்கும் இதே கதி. கால் இல்லாமையால் அது பாம்பாயிற்று. பாம்பாகக் கருதப்பட்டமையால் அடிபட்டது. உலகில் வேறெந்த நாட்டிலும் காணமுடியாத உயிர் இவ்வாறு மண்வெட்டிக்கு இரையாகின்றது.

தெரணியகல அவர்கள் அந்த அரணைக்குச் சூட்டிய விஞ்ஞானப் பெயரில் 'ஹிக்கனலா' என்னும் சிங்களச் சொல் இருக்கின்றது. அரணை என்பதே அதன் பொருள். ஒரு நாட்டு மக்களின் சொல் உலக ஏட்டில் ஏறுவது மகிழத்தக்கது. அதே வேளையில், மன்னார் மக்களின் தமிழ்ச் சொற்களை யார் எழுதி வைத்தார்கள் என்று நான் என்னையே கேட்பதுண்டு. நம்மிடம் சொல் வளம் இல்லாமலில்லை. கண்ணாடி விரியனை நம்மவர் புடையன் என்பர். தமிழ்நாட்டில் கட்டுவிரியன் எனப்படுவதை எட்டடி விரியன் என்பர். பேசாலைக் கடலோடிகள் வலையில் ஏறும் கடற்பாம்பொன்றை வலக்கடியன் என்பர். நிலத்து உடும்பு ஒன்று. நீர்க்கரையில் திரியும் கபரக்கொய்யா இன்னொன்று. பின்னதன் பெயர் சிங்களத்திலிருந்து நம் நாவில் ஏறியது. சொற்களும் உயிர்களைப் போலவே எல்லை கடந்து வாழ்வன.

பின்னர் ஒரு நீண்ட மௌனம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரினால் வடக்கின் காடும் கரையும் ஆய்வாளருக்கு எட்டாதனவாயின. கண்ணிவெடி புதைந்த மண்ணில் குற்றியைப் புரட்டிப் பாம்பு தேடுவார் யார்? 1990 ஆம் ஆண்டு அக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் தங்கள் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறிச்சுக்கட்டி மக்களும் அவர்களுள் அடங்குவர். எந்த ஊரின் பெயரால் அப்பாம்பு உலகில் அறியப்பட்டதோ, அந்த ஊரிலே அதன் பெயரைச் சொல்வதற்கு மனிதர் இல்லாமற் போயினர். தமிழரும் முஸ்லிம்களுமாகப் பல்லாயிரவர் அகதி முகாம்களில் வாழ்ந்த அக்காலத்தில், ஊர்வனவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு எவருக்கும் மனம் இருந்திராது. அதில் வியப்பில்லை.

போர் ஓய்ந்தபின் ஆய்வாளர் திரும்பி வந்தனர். அவர்களுக்கு முதலிற் கிடைத்த பரிசுகளுள் ஒன்று, நாம் நாள்தோறும் கண்டும் காணாமற் சென்ற ஓர் ஓணான். மணற்பாங்கான வெளியிலே விரைந்தோடும். சில வேளை பின்னங்கால் இரண்டால் எழுந்தும் ஓடும். இனப்பெருக்க காலத்தில் ஆண் ஒரு கல்லின்மேலோ சிறு மேட்டின்மேலோ ஏறி நின்று, தொண்டையின் கீழுள்ள தோலை விசிறிபோல விரித்து விரித்து மடக்கும். பின்னங்காலில் நான்கு விரல்களே உண்டு. இவ்வோணானைப் பிரெஞ்சு அறிஞர் கூவியே 1829 இல் புதுச்சேரியின் பெயரால் அறிவித்தார். ஈழத்தில் உள்ளதும் அதுவே என்று 180 ஆண்டுகளுக்கு மேலாக எல்லாரும் கருதி வந்தனர். 2015 இல் அமரசிங்கவும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து, ஈழத்தில் இருப்பவை தனி இனங்கள் இரண்டு என்று நிறுவினர். அவற்றுள் வடபகுதிக்குரிய இனம், கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தேவக வீரக்கோன் அவர்களின் பெயரைத் தாங்குகின்றது. மறிச்சுக்கட்டியின் புள்ளி மண்பாம்பையும் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் டேவிட் கவரும் புதிய மாதிரிகளோடு மறுபடி ஆராய்ந்து 2016 இல் விரிவாக வரையறுத்தனர்.

இவ்வுயிர்களைக் காண விழைவோர்க்கு ஒரு சொல். விடியற்காலம் நல்ல காலம். காற்று எழுந்து தடத்தை அழிக்குமுன் மணலைப் பார்க்கலாம். ஓணானை ஞாயிறு ஏறியபின் திறந்த வெளியிலும், பச்சோந்தியை உடைமரக் கிளையிலும், உடும்பைக் கறையான் புற்றருகிலும் காணலாம். இரவிலே மின்சூள் இன்றி நடத்தல் கூடாது. கல்லையோ குற்றியையோ கையாற் புரட்டல் ஆகாது. புரட்டியதை முன்போல வைத்துவிட வேண்டும், அது ஓர் உயிரின் வீடு. பாம்பைக் கையால் தொடவோ பிடிக்கவோ முயல்வது அறிவன்று. நான் மேற்சொன்ன பெரியவர் செய்ததைப் பிள்ளைகள் பின்பற்றலாகாது. கண்ட நாள், நேரம், இடம், மண்ணின் தன்மை, உள்ளூர்ப் பெயர் ஆகிய ஐந்தையும் கொப்பியில் எழுதினாற் போதும். றசலும் கெலார்ட்டும் தொடங்கியதும் அவ்வளவிலிருந்தே.

பாம்பைப் பற்றி நம் மக்கள் கொண்டுள்ள உணர்வு எளிதானதன்று. கேது பூசித்த தலமென்று திருக்கேதீச்சரத்தைப் போற்றுகின்றோம், அதே நாவால் "பாம்பு, அடி!" என்றும் கூவுகின்றோம். மடுவின் மண்ணைப் பாம்புக்கடிக்குக் காப்பாக அடியார்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்வர். அந்நம்பிக்கையை நான் மதிக்கின்றேன். ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க என் மனம் ஒப்பவில்லை.

சில ஆண்டுகளின் முன் என் மாணவன் ஒருவனை, மாலை வேளையில் விறகு பொறுக்கும்போது சுருட்டை தீண்டிற்று. சிறிய பாம்பு, சிறிய காயம். வீட்டார் பச்சிலை கட்டி இரண்டு நாள் பொறுத்திருந்தனர். மூன்றாம் நாள் அவன் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. அதன் பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். சுருட்டையின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுப்பது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக இந்தியாவில் ஆக்கப்படும் மருந்து நம் வைத்தியசாலைகளில் உண்டு. அது ஏற்றப்பட்டது. பையன் பிழைத்தான்.

நான் அவனைப் பார்க்கச் சென்றபோது, "எந்தப் பாம்பு என்று தெரியுமா, தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாது, சேர். சின்னப் பாம்பு. அதனால் ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன்" என்றான்.

அவன் வகுப்பில் முதல்வன். மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டிய ஆண்டையும் ஒல்லாந்தர் கைப்பற்றிய ஆண்டையும் பிழையின்றிச் சொல்வான். 1560, 1658 என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானே. அவன் வளவில் கிடந்த பாம்பின் பெயரை மாத்திரம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடசாலை முற்றத்திலே அதன் தடத்தை எனக்குக் காட்டிய பெரியவரை ஒருநாளாவது வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகளோடு பேசச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் காலமாகிவிட்டார். அவர் அறிந்தவற்றுள் நான் கேட்டுக் குறித்து வைத்தது ஒரு பக்கமும் தேறாது.

இன்று மன்னார் மண் மாறி வருகின்றது. தீவின் தென்கரையில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. மணலிலுள்ள கனிமத்தை அகழ்வது பற்றிய வழக்காடல் ஓயவில்லை. முசலியிலே, வெளியேற்றப்பட்ட மக்கள் தம் நிலத்துக்குத் திரும்பும் உரிமையும், வில்பத்தை அண்டிய காட்டைக் காக்கும் கடமையும் நீதிமன்றம் வரை சென்று மோதியுள்ளன. மக்களுக்கு வீடும் வேண்டும், மின்சாரமும் வேண்டும். இவற்றை மறுப்பவன் நானல்லேன். ஆனால், எதை இழக்கின்றோம் என்று அறிந்து முடிவு செய்வது ஒன்று; அறியாமலே இழப்பது வேறொன்று. ஒரு முழம் மணலுக்கடியில் உலகில் வேறெங்குமில்லாத உயிர் இருக்கின்றது என்பதை அம்மணலின் மேல் வாழும் பிள்ளை அறிந்திருக்க வேண்டாமா?

இப்பொழுது எங்கள் பாடசாலையில் ஒரு தடித்த கொப்பி இருக்கின்றது. பிள்ளைகள் கண்டவற்றை அதில் எழுதுகின்றனர். நாளும் நேரமும் இடமும் இட்டு, பாட்டனும் பாட்டியும் சொல்லும் பெயரையும் சேர்த்து எழுதுகின்றனர். தோட்டக்காரர், கடலோடி, சீவல் தொழிலாளி எனப் பலர் வந்து சொல்லித் தருகின்றனர். முதற்பக்கத்தில், சுருட்டை தீண்டிய அந்த மாணவனே தன் கையால் அதன் தடத்தை வரைந்து தந்திருக்கின்றான்: ஒன்றையொன்று தொடாத சாய்ந்த கோடுகள் ஆறு. கீழே அதன் பெயரையும், கடித்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதையும் எழுதியிருக்கின்றான்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் மணலைப் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே சென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.